பூண்டாரும் பச்சைத் தூளும்

என் பெரியப்பாவுக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. என் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி வந்தபோதுதான் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியவந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், அவர் எல்லோருக்கும் பூண்டார்தான். கடைக்கு வருகிற வாண்டுகள்கூட, "பூண்டார் தாத்தா, அம்மாவுக்கு இருமல் மருந்து" என்றுதான் கேட்கும். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. மரியாதையாக ஒரு 'ஆர்' சேர்த்திருக்கிறார்களே, போதாதா என்பார்.

கடைவீதி வளைகிற இடத்தில் அவருடைய மருந்துக்கடை. முன்பக்கம் சின்னச் சின்ன இழுப்பறைகள், தராசு, கண்ணாடி ஜாடிகள். என் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட, பிள்ளை இல்லாத பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னை வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு முன்பக்க வியாபாரத்தை நான்தான் பார்த்தேன். பின்னால் ஒரு அறை. கல் மேசை, புகைபோக்கி, பெரிய ஜன்னல். அங்கே வியாபாரம் கிடையாது. சந்தேகச் சாவு என்றால், செத்தவரின் வயிற்றிலிருந்தும் ஈரலிலிருந்தும் எடுத்ததை மெழுகு முத்திரை வைத்த ஜாடியில் போட்டு நீதிமன்றம் அந்த அறைக்குத்தான் அனுப்பும். விஷம் இருக்கிறதா, இல்லையா, என்ன விஷம் என்று பெரியப்பா சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அந்த வேலைக்கு அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

பூண்டு கதை அவர் இளைஞராக இருந்தபோது நடந்தது. அப்போது விஷத்தை யாரும் கண்ணால் பார்க்க வழியில்லை. எலிப்பாஷாணம் என்று சந்தேகம் வந்தால், அந்தத் தூளைக் கொஞ்சம் எடுத்துத் தணலில் போடுவார்கள். பூண்டு வாசனை வந்தால் பாஷாணம். அவ்வளவுதான் சோதனை. முதல் முதலாகச் சாட்சிக் கூண்டில் ஏறிய பெரியப்பாவிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"எதை வச்சு இது பாஷாணம்னு சொல்றீங்க?"

"தணல்ல போட்டேன். பூண்டு வாசனை வந்துச்சு."

"அன்னைக்கு உங்க வீட்டுல என்ன சமையல்?"

பெரியப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூண்டு போட்டுத்தான் சமைச்சாங்க" என்றார்.

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி, விழாத பேனாவைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். குற்றவாளிக் கூண்டில் நின்றவன் அன்றைக்கே வீட்டுக்குப் போனான். அவன் செய்தானா இல்லையா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

ஊர் சிரித்தது பெரியப்பாவை உறுத்தவில்லை. பெரியம்மாவிடம் இப்படிச் சொன்னாராம்: "அந்த வக்கீல் கேட்டது நியாயந்தான். என் மூக்குக்குள்ள இருக்கறதை நீதிபதி எப்படிப் பாப்பாரு? கண்ணால பாக்கற மாதிரி ஒண்ணு வேணும்."

அப்படி ஒன்று தூர தேசத்தில் ஏற்கெனவே வந்திருந்தது. மருந்துப் பெட்டிகளோடு வருகிற பத்திரிகை ஒன்றில் அதைப் படித்துவிட்டு அவரும் செய்ய ஆரம்பித்தார். ஒரு ஜாடியில் துத்தநாகத் துண்டுகள். அதன்மேல் திராவகம் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பும். சந்தேகப்பட்ட பொருளை அதில் சேர்க்க வேண்டும். அதில் பாஷாணம் இருந்தால் வாயுவோடு சேர்ந்து அதுவும் ஏறி வரும். வாயு போகிற மெல்லிய கண்ணாடிக் குழாயை நடுவில் விளக்கால் சூடு காட்டினால், சூட்டைத் தாண்டியதும் குளிர்ந்த இடத்தில் பாஷாணம் கருப்பாகப் படிந்துவிடும். முகம் பார்க்கிற கண்ணாடிபோல மின்னுகிற கருப்பு. குழாயை மூடி நீதிபதி கையிலேயே கொடுத்துவிடலாம்.

படிக்கத்தான் சுலபம். முதல் முயற்சியில் ஜாடி வெடித்து அவருடைய புருவம் இரண்டும் போய்விட்டன. பெரியம்மா எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே, "புருவம் வளந்துடும். அடுத்தது எது போகப்போகுதுன்னு சொன்னா நான் தயாரா இருப்பேன்" என்றாராம். அதற்குப் பிறகு அவர் அவசரப்படுவதை விட்டுவிட்டார். வாயுவில் காற்று கலந்திருக்கிற வரை விளக்கைக் கிட்டத்தில் கொண்டுபோக மாட்டார். ஒவ்வொரு முறையும் முதலில் எதையும் சேர்க்காமல் வெறுமனே ஓட்டிப் பார்ப்பார். துத்தநாகத்திலேயே பாஷாணம் கலந்து வருவதுண்டு. "நம்ம சரக்குல இருக்கற விஷத்தை எவளோ ஒரு பொண்டாட்டி தலையில கட்டிடக் கூடாது" என்பார். வெறும் ஓட்டத்தில் துளிக் கறை பட்டாலும் போதும், அந்தச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

வேலையில் இத்தனை பொறுமை என்றாலும் அவருக்கும் ஒரு பலவீனம் உண்டு. தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொள்வார். நாற்பதைத் தாண்டுவதற்கு முன்பே நரைத்துவிட்டது. கடையில் கலந்த சாயத்தைத் தானே தடவிக்கொண்டு, காது மடலிலும் கொஞ்சம் பூசிக்கொண்டு வந்து நிற்பார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம்.

ஆற்றங்கரைப் பக்கம் 'பூ வீடு' என்று ஒரு வீடு இருந்தது. தொப்பிக்கும் உடுப்புக்கும் மேசை அலங்காரத்துக்கும் துணிப் பூ செய்கிற வீடு. அதை நடத்தியவள் ஒரு விதவை. இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல், அதற்கு ஏற்ற குரல். துணியை இலையாக வெட்டி, பசையில் தோய்த்து, அதன்மேல் பச்சைத் தூளைத் தூவி உதறுவார்கள். பளிச்சென்ற பச்சை. மழை பெய்த மறுநாள் புல்லில்கூட அப்படி ஒரு பச்சை இருக்காது. அந்தச் சமயத்தில் அந்தப் பச்சை மேல் எல்லோருக்கும் பைத்தியம். பூவை விட இலைக்குத்தான் கிராக்கி.

அந்த அம்மாளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்துப் பல வருஷம் ஆயிற்று. மகன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கு வந்த மனைவி மாமியாருக்குச் சரியான ஜோடி. இருவரும் சண்டை போட்டால் ஆற்றுக்கு அக்கரையில் துவைத்துக்கொண்டிருக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மருமகள் வந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை.

ஒரு நாள் மாமியார் மருமகள் கொடுத்த பாலைக் குடித்தாள். சாயங்காலம் வாந்தி. மறுநாள் உயிர் போய்விட்டது. அதற்கு முந்தின வாரம்தான் மருமகள் தெருவே கேட்க, "நீங்க போனாத்தான் எனக்கு விடிவு" என்று கத்தியிருந்தாள். சமையலறைப் பரணில் எலிப்பாஷாணப் பொட்டலம் கிடைத்தது. சாவுக்கு வந்த மகள், பிணத்துக்கு முன்னாலேயே அண்ணி முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள்: "எங்க அம்மாவை இவதான் கொன்னா." அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மருமகளைக் காவலர்கள் அழைத்துப் போனார்கள்.

ஜாடிகள் பெரியப்பாவிடம் வந்தன. காவல் அதிகாரி தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கடையில் என் எதிரே உட்கார்ந்து இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் பெரியப்பா பின்னறையிலிருந்து வெளியே வந்தார். கையில் கருப்புக் கறை படிந்த குழாய்.

"இருக்கு" என்றார்.

அதிகாரி எழுந்தார். "அவ்வளவுதானே வேணும். எழுதிக் குடுத்துடுங்க."

"கொஞ்சம் இருங்க. ஈரல்ல நல்லா இருக்கு. ஆனா வயித்துல இருந்ததுல அநேகமா ஒண்ணுமே இல்ல. பால்ல கலந்து குடுத்திருந்தா அது தலைகீழா இருக்கணும்."

"வாந்தி எடுத்தாங்களே. வெளிய போயிருக்கும்."

"எல்லாமா போயிடும்? வயித்துச் சுவத்துல ஒட்டியிருக்கணுமே."

"ஐயா, உடம்புல விஷம் இருக்குது. வீட்டுல பொட்டலம் இருக்குது. வாயாலயே சொல்லவும் சொல்லியிருக்கா. இதுக்கு மேல நீங்க எதைத் தேடறீங்க?"

"எப்ப உள்ள போச்சுன்னு தேடறேன்" என்றார் பெரியப்பா.

அதிகாரி கெட்டவர் இல்லை. பிணத்தைப் புதைக்காமல் ஆஸ்பத்திரி நிலவறையில் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். ஆனால் எப்போது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெரியப்பாவுக்கே தெரியவில்லை. சாப்பிடும்போது தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா எதிரே உட்கார்ந்து அவர் தலையை உற்றுப் பார்த்தார்.

"சாயம் போட்டு ரொம்ப நாள் ஆச்சோ? அடியில வெள்ளை எட்டிப் பாக்குது. போன மாசம் வரைக்கும் இளவட்டம், இந்த மாசம் கிழவன். எந்தத் தேதியில கிழவனானீங்கன்னு ஒரு அளவுகோல் வச்சாச் சொல்லிடலாம் போலருக்கு."

நான் சிரித்துவிட்டேன். பெரியப்பா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். தலையைக் குனிந்து, நிமிர்ந்து, வகிட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

உடம்பில் சேர்கிற பாஷாணம் முடியிலும் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். முடி வேரிலிருந்து வளர்கிறது. ஒரு மாதத்துக்கு அரை விரல் அகலம் என்று வைத்துக்கொண்டால், இடுப்பைத் தாண்டிய பின்னல் என்பது பல வருஷத்து முடி. நுனியில் இருப்பது பழசு, வேரில் இருப்பது புதுசு. விஷம் அன்றைய பாலில் மட்டும் வந்திருந்தால் முடி சுத்தமாக இருக்க வேண்டும். வேர்ப் பக்கம் மட்டும் இருந்தால் மருமகள் வந்த பிறகு என்று சொல்லலாம். அதற்கும் கீழே இருந்தால்?

டாக்டர் பின்னலை வெட்டிக்கொடுத்தார். எது வேர், எது நுனி என்று குழம்பாமல் இருக்க வேர்ப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிக் கொண்டுவந்தார் பெரியப்பா. பிறகு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து ஏதாவது ஒட்டியிருந்தால்? சோப்பிலும் சோடாவிலும் மறுபடி மறுபடி அலசினார். அலசிய தண்ணீரையும் விடாமல் சோதித்தார். முதல் தண்ணீரில் கறை வந்தது. அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டார். கடைசித் தண்ணீரில் வரவில்லை. அதற்கப்புறம்தான் பின்னலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கரைத்துச் சோதித்தார்.

எல்லாத் துண்டிலும் கறை. வேர்ப் பக்கம் கொஞ்சம் அடர்த்தி, நுனியில் லேசு, ஆனால் இல்லாத இடமே இல்லை. மருமகள் இந்த ஊரைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அந்த அம்மாள் உடம்பில் விஷம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

"முதல் தண்ணியில ஏன் வந்துச்சு?" என்று பெரியப்பா தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு நடமாடினார். "தலையில பாஷாணத்தை யாரு தூவுவாங்க?"

மறுநாள் காலையில் அவர் பெரியம்மாவிடம், "சிறைக்கு வர்றியா? அந்தப் பொண்ணோட முடியும் எனக்கு வேணும். நான் கத்திரிக்கோலோட போய் நின்னா பயந்துடுவா" என்றார்.

பெரியம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் சிறை ஒரு பழைய தானியக் கிடங்கு. சுவரெல்லாம் வெள்ளையடித்துச் சுத்தமாகத்தான் இருந்தது. மருமகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கத்திரிக்கோலைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தீர்ப்பே வரல. அதுக்குள்ள மொட்டை அடிக்க வந்துட்டீங்களா?"

"மொட்டை இல்லம்மா" என்று பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு கொத்து போதும். காதுக்குப் பின்னால, வெளிய தெரியாத இடத்துல."

"எதுக்கு?"

"சோதிக்கறதுக்கு. உங்க மாமியார் முடியையும் சோதிச்சாரு இவரு."

"அத்தை முடியையா?" அவள் முகம் மாறிவிட்டது. "அதை வெட்டிட்டாங்களா? அத்தை அதைத் தொடவே விடாதே. நான் ஒரு நாள் சீவிவிடறேன்னு சொன்னதுக்கே ரெண்டு நாள் பேசல."

பெரியம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வைத்தவர் திருப்பிப் பார்த்தார். நகத்தைச் சுற்றிப் புண். நக இடுக்கில் பச்சை.

"இது என்ன கையி?"

"வேலைதான். அந்தத் தூள் பட்டா அரிச்சுப் புண்ணாகும். எல்லாருக்கும் இருக்கு. அத்தைக்கு இன்னும் மோசம், பிடிச்ச டம்ளரு நழுவும். நான்தான் பால் ஆத்திக் குடுத்தேன். அதுக்குத்தானே இப்ப இங்க உக்காந்திருக்கேன்."

வாசலில் நின்றிருந்த பெரியப்பா உள்ளே வந்தார். "அந்தத் தூள் எங்கம்மா இருக்கு?"

"பூ ரூம்ல, தகரப் பெட்டியில. ரூம் முழுக்க அதுதான். உதறினா மூக்கு வாயி எல்லாம் பச்சை. அத்தை அங்கேயேதான் சாப்பிடும், அங்கேயேதான் படுக்கும். எழுந்து வாங்கன்னு நான் கத்துவேன். அதுக்குத்தான் எங்களுக்குள்ள பாதிச் சண்டை."

கொத்து முடியைத் தானே எடுத்து நீட்டிக் கொடுத்தாள். வெட்டும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே காவல் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு பூ வீட்டுக்குப் போனார் பெரியப்பா. நீளமான தாழ்ந்த அறை, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. காற்று அடித்தால் தூள் வீணாகப் பறந்துவிடும் என்பதற்காக. வீட்டில் சாவு விழுந்தாலும் கேட்ட சரக்கைக் கொடுத்தாக வேண்டும் என்று ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து இலை உதறிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் விரலில் துணிக் கட்டு. வெயில் விழுந்த இடத்தில் தூள் மிதந்துகொண்டிருந்தது, பார்க்க அவ்வளவு அழகு. அதிகாரி ஒரு பச்சை இலையை எடுத்து முகர்ந்து பார்க்கப் போனார். பெரியப்பா அவர் கையைத் தட்டிவிட்டார்.

கடுகளவு தூள்தான் சோதனைக்குப் போட்டார். குழாய் ஒரு விரல் நீளத்துக்கு மையைக் கொட்டியதுபோல் கருத்துவிட்டது. அதற்குப் பிறகு மருமகளின் முடி. வேர்ப் பக்கத்துத் துண்டுகளில் கறை வந்தது. ஐந்து விரல் அகலத்தைத் தாண்டிய இடத்தில் நின்றுபோனது. அதற்குக் கீழே நுனி வரைக்கும் கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. அவள் அந்த வீட்டில் காலடி வைத்த மாதத்திலிருந்து அவள் உடம்பிலும் ஏற ஆரம்பித்திருக்கிறது.

பெரியப்பா நம்பவில்லை. மிச்ச முடியை வைத்து மறுபடியும் முதலிலிருந்து செய்தார். அதே இடத்தில் நின்றது. அன்று அவர் பின்னறையிலிருந்து வெளியே வந்து, கடையில் நின்ற மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம் இருமல் மிட்டாயைச் சும்மா கொடுத்துவிட்டார். அதில் ஒருவர் கால் வலிக்கு வந்தவர்.

விசாரணை நாளன்று பெரியம்மாவும் நானும் பார்வையாளர் பெஞ்சில் இடம் பிடித்தோம். பெரியப்பா ஒரு பலகையில் குழாய்களை வரிசையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மேல் வரிசை மாமியார், கீழ் வரிசை மருமகள், இடது ஓரம் வேர், வலது ஓரம் நுனி. அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்.

"பரண்ல இருந்த பொட்டலத்தைச் சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன். பாஷாணந்தான். கடையில கட்டின முடிச்சு அவிழ்க்கவே இல்ல. அந்த வீட்டு எலிங்க குடுத்து வச்சதுங்க."

"கொஞ்சம் கொஞ்சமா ஒரு வருஷமா குடுத்துக் கொன்னிருக்கலாமே?"

"இந்த நுனி முடி வளந்தப்போ இந்தப் பொண்ணு அந்த வீட்டுக்கே வரல. அப்புறம் கீழ் வரிசையைப் பாருங்க. வந்ததுலேர்ந்து இவளுக்கும் ஏறியிருக்கு, அந்த வீட்டுப் பச்சைத் தூள்லேர்ந்துதான். தனக்கே தினமும் விஷம் வச்சுக்கிட்டா மாமியாரைக் கொன்னிருப்பா?"

நீதிபதி பலகையைத் தன் மேசைமேல் வைக்கச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொரு குழாயாக விரலை ஓட்டினார். கீழ் வரிசையில் கறை நின்ற இடத்தில் விரலும் நின்றது.

விடுதலை என்று சொன்னபோது மருமகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். அதுவரை அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. "ஜன்னலைத் தொறக்கலாம்னு நான் சொன்னேன். கேக்கவே மாட்டேன்னுச்சு. வயித்து வலின்னு சொல்லிச் சொல்லி அந்தத் தூளுக்குள்ளயே போய்ப் படுத்துக்கும்" என்று யாரிடம் என்று இல்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவன் பக்கத்தில் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் துண்டை எடுத்து நீட்டினான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் பிற்பாடு நிறையப் பதில் சொல்லியிருக்க வேண்டும். துண்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பூ வீட்டில் பச்சைத் தூள் நின்றது. மருமகள் பெட்டியோடு கொண்டுபோய்க் காவல் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டாள். ஜன்னல்களில் மூன்றைப் பெயர்த்துப் பெரிதாக வைத்தாள். இலைக்கு வேறு சாயம் பிடித்தாள். அது பழைய பச்சைக்குக் கிட்டத்தில்கூட வராது, காய்ந்த இலை மாதிரி இருக்கும். வியாபாரம் கொஞ்ச காலம் படுத்துக்கொண்டது. பிறகு காய்ந்த இலைதான் நாகரிகம் என்று யாரோ எங்கேயோ சொல்லிவைக்க, எழுந்துகொண்டது. வேலை செய்கிற பெண்களின் விரல்கள் ஆறின. ஒருத்திக்கு மட்டும் கை நடுக்கம் கடைசி வரை போகவில்லை. அவளை எண்ணிக் கட்டுகிற வேலையில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, இறந்தவளின் மகள் வந்தாள். அண்ணிமேல் விரலை நீட்டினாளே, அவள்தான். இருமல் மிட்டாய் வாங்கினாள். வாங்கியும் போகவில்லை. பெரியப்பா பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா?"

"நானும் அந்த ரூம்லதான் வளந்தேன்" என்றாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒரு கொத்து முடி. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

பெரியப்பா அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. அன்றைக்குப் போல ஒரு மத்தியானம் மெதுவாகப் போனதே இல்லை. வெளியே வந்தபோது அவர் கையில் இருந்த குழாய்களைப் பார்த்ததும் எனக்கே மூச்சு வந்தது. எல்லாம் வெறும் கண்ணாடி.

"ஒண்ணும் இல்லம்மா. இந்த முடி வளந்த காலம் பூராவும் சுத்தமா இருக்கு. அதுக்கு முன்னாடி ஏறினது ஏதாவது இருந்திருந்தா உடம்பே வெளியேத்திடுச்சு. போய்ப் பிள்ளைங்களைப் பாருங்க."

அவள் தலையை ஆட்டினாள். படியிறங்கியவள் திரும்பி, "அண்ணிக்கும் போயிடுமா?" என்று கேட்டாள்.

"அந்த ரூம்ல இப்பத்தான் காத்து வருதே. போயிடும்."

அவள் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பி நடந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷக் கடைசியில் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது பிரசவம் பார்க்க வந்து தங்கியவள் நாத்தனார்தான்.

இந்த விஷயம் ஊருக்குள் பரவியதும் எங்கள் கடை நாவிதர் கடை மாதிரி ஆகிவிட்டது. ஆளாளுக்கு முடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு தச்சர் தன் மனைவி தனக்கு ஏதோ வைக்கிறாள் என்று சத்தியம் பண்ணினார். பெரியப்பா சோதித்துவிட்டு, "அது விஷம் இல்ல, அவங்க சமையலே அப்படித்தான். நானும் உங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன்" என்று அனுப்பிவைத்தார். தலையில் முடியே இல்லாத ஒருவர் தாடியைக் கொண்டுவந்தார்.

எனக்கு வரன் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். பையன் கண்ணாடி ஊதுகிறவர். பெரியப்பாவுக்குக் குழாய் செய்து கொடுக்க வருவார். குழாய் உடையாத வாரத்திலும் வருவார். அவருடைய அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது, வீட்டைத்தான் பிடிக்கவில்லை. ஜாடியில் ஈரல் வந்து போகிற வீட்டில் எப்படிக் கை நனைப்பது என்று அவருக்குக் கவலை. கல்யாண விருந்தன்று மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கையை வைக்கவில்லை.

பெரியப்பா புரிந்துகொண்டார். சமையல்காரரிடமிருந்து கரண்டியை வாங்கி, ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இலையில் போட்டுக்கொண்டார். என் மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாக எல்லாவற்றையும் சாப்பிட்டார். இனிப்பை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தி, அதையும் ரெண்டு தடவை சோதிக்கணுமா?" என்று கேட்டார்.

"சந்தேகம் தீரல" என்றார் பெரியப்பா, வாய் நிறைய.

என் மாமியார் சிரித்துவிட்டு இலைக்குக் குனிந்தார். அதற்குப் பிறகு பரிமாறி முடியவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அரசாங்கமே ஒரு சோதனைக்கூடம் கட்டிவிட்டது. ஜாடிகள் அங்கே போகின்றன. படித்துவிட்டு வந்த இரண்டு பெண்களும் ஒரு பையனும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள். செடிகொடி விஷங்களைக்கூடப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், என் காலத்தில் அதெல்லாம் பிடிபடவே இல்லையே என்று பெரியப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். பின்னறையைக் காலி செய்தபோது அவர் வருத்தப்படுவார் என்று பயந்தேன். கல் மேசையில் காய்கறி நறுக்கலாமா என்று பெரியம்மா கேட்டதற்கு மட்டும் பலமாகத் தலையாட்டி மறுத்தார். மேசை வெளியே போயிற்று. அறைக்குச் சுண்ணாம்பு அடித்து என் கணவர் தன் ஊதுகுழலை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

போன கோடையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் கடல் பார்க்கப் போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தது. எப்போது கிளம்பினாலும் ஏதாவது ஒரு ஜாடி வந்து நிற்கும். இந்த முறை ரயில் ஏறியேவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து இருவரும் கருத்துப்போய், மூக்கு உரிந்து வந்து இறங்கினார்கள். கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பெருசா இருந்துச்சு" என்றார் பெரியப்பா.

"அவருக்கு எப்படித் தெரியும்? போனதும் மணல்ல படுத்தவரு, அலை வந்து கால்ல அடிக்கற வரைக்கும் குறட்டை" என்றார் பெரியம்மா. "நான் மட்டும் இடுப்பளவு தண்ணிக்குப் போனேன். பக்கத்துல ஒரு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. யாருன்னே தெரியாது. ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் குதிச்சோம்."

அடுத்த கோடைக்கும் போவதாக இருக்கிறார்கள். இந்தத் தடவை நானும் என் கணவரும் கூடப் போகிறோம்.